சிறு மேம்பாடுகள்

ஔலு நகரில் நவம்பர் மாதம்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
மூன்றரைக்கு, நான்காவது மாடியிலிருந்து,
ஒரு மாடல் போனுக்கு
கடைசி அப்டேட்டை அனுப்பினோம்.

பெட்டியில் அச்சிட்ட வாக்கு ஐந்து ஆண்டு.
அது முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.
அந்தப் பதினொரு நாளும் தைஸ்தோ திருடியது.
சோதனையில் பிழை என்று
தினம் ஒரு காரணம் எழுதினான்.
புளூடூத். அலாரம். மறுபடி புளூடூத்.
மேலாளர் நம்பவில்லை,
கேட்கவும் இல்லை.

திரையில் உலக வரைபடம்.
இன்னும் விழித்திருக்கும் போன்கள்
நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்.
வடக்கே உத்ஸ்யோகியில் ஒன்றே ஒன்று.
கலைமான் மேய்ப்பவராக இருக்கலாம்,
பள்ளி வேன் ஓட்டுபவராகவும் இருக்கலாம்.
மைனஸ் இருபத்திரண்டில்
உள்சட்டைப் பையில், நெஞ்சுச் சூட்டில்
பேட்டரியைக் காப்பாற்றி வைத்திருப்பார்.
கண்ணாடி கீறியிருக்கும். ஆனால் ஓடும்.
ஓடுகிறது என்பதுதான்
கம்பெனிக்குச் சிக்கல்.

என்ன மாற்றம் என்று இரண்டு வரி எழுத வேண்டும்,
அது என் வேலை.
'இனி பூட்டு மாற்ற ஆள் வராது,
திருடன் வருவான்'
எழுதி, நானே அழித்தேன்.
'இத்தனை நாள் எங்களைச் சட்டைப்பையில்
வைத்திருந்ததற்கு நன்றி'
அதைச் சட்டப்பிரிவு அழித்தது.
மிஞ்சியது:
சிறு மேம்பாடுகள்.

தைஸ்தோ அழுத்தினான்.
புள்ளிகள் கொத்துக் கொத்தாய் அணைந்து
கொத்துக் கொத்தாய் எழுந்தன.
உத்ஸ்யோகி மட்டும் அணைந்தபடியே.
அந்த ஒன்றுக்காக நாற்பது நிமிடம்
இரண்டு பேர், சம்பள நேரத்தில்,
காபி ஆறிப்போக உட்கார்ந்திருந்தோம்.
எழுந்தது.
தைஸ்தோ கோட்டை மாட்டிக்கொண்டு
நாளைக்கு லீவு என்று மட்டும் சொன்னான்.

என் பையிலும் அதே மாடல்தான்.
ஆற்றுப் பாலத்தில் நின்று
கையுறையைப் பல்லால் கழற்றி
அப்டேட் இருக்கிறதா என்று கேட்டேன்.
வட்டம் சுற்றிச் சுற்றி யோசித்தது.
'உங்கள் மென்பொருள்
புதுப்பித்த நிலையில் உள்ளது.'

நாளையும் அதையே சொல்லும்.
வங்கிச் செயலி கதவைச் சாத்தும் அன்றும்,
எவனோ பின்வாசலைத் திறந்து
உள்ளே உட்கார்ந்திருக்கும் அன்றும்
பச்சைக் குறி போட்டுச் சொல்லும்.
அடுத்தது என்று ஒன்று வராத வரை
இதுதானே புதியது?
பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது.
அந்த வாசகத்தை எழுதியதும் நான்தான்,
ஏழு வருஷத்துக்கு முன்னால்,
ஒரு மதியத்தில், அவசரமாக.

கீழே ஆறு
ஓரத்திலிருந்து உறைய ஆரம்பித்திருந்தது.
சார்ஜ் இன்னும்
அறுபத்திரண்டு விழுக்காடு இருந்தது.