பதினேழாம் கருவி

செல்லூரில் நாற்பது வீடு.
தகரம், கல்நார் ஓடு, இரண்டு மட்டும் கான்கிரீட்.
தீப்பெட்டி அளவுக் கருவி, வீட்டுக்கு ஒன்று,
தலைக்கு மேல் ஒரு முழம் விட்டு மாட்டினோம்.
பத்து நிமிடத்துக்கு ஓர் எண்.
மாசியில் தொடங்கியது.

நிறுவனத்தின் ஏசி அறையில்
கோடுகளைத் திரையில் விரித்தேன்.
எங்கள் வெக்கையை வெளியே தள்ளும் பெட்டி
பின்சந்து முருங்கையைக் கருக்கியிருந்தது.
முப்பத்தொன்பது கோடுகள்
பேசிவைத்த மாதிரி
பிற்பகலில் ஏறி விடியலில் இறங்கின.
பதினேழு மட்டும்
இரவு இரண்டே முக்காலுக்கு எழுந்து
நாற்பத்தாறைத் தொட்டது.
தினமும்.

"கருவிக் கோளாறு. எடுத்துடு" என்றார் செலின் மேடம்.
ஒரு வரிசையை அழிக்க ஒரு விரல் போதும்.
அழிக்கவில்லை. நேர்மை என்றெல்லாம் இல்லை,
கருவி ஆறாயிரம் ரூபாய்,
கெட்டுப்போனால் கையெழுத்து என்னுடையது.

மூன்று மணிக்குப் போனேன்.
சந்து முழுக்கச் சுக்கும் கருப்பட்டியும்.
ஒச்சம்மா பருத்திப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள்.
அடுப்புக்கு நேர் மேலே
கரண்டி மாட்டும் ஆணியில் எங்கள் கருவி,
அதற்கொரு குங்குமப் பொட்டு வேறு.

"சூட்டை அளக்கணும்னு சொன்னீக.
நீங்க மாட்டுன மூலையில
என்னத்த சூடு இருக்கு?
அதான் இங்கிட்டு மாத்திட்டேன்."
கை நிற்கவில்லை. நின்றால் அடிப்பிடிக்கும்.

கையேட்டில் ஒன்பதாம் பக்கம்:
அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி.
அறையே ஏழடி.

இன்னொன்று கொடுத்தேன்.
மூலைக்குப் பதினேழு, ஆணிக்குப் பதினேழு-அ.
அழகர் ஆற்றில் இறங்கும் முந்தின இரவு
பதினேழு-அ பத்து மணிக்கே ஏறியது,
விடியும்வரை இறங்கவில்லை.
எத்தனை சட்டி விற்றாளோ.
மறுவாரம் நாற்பத்தொன்பதில் நின்றுபோனது.

வைகாசியில் போனால்
சுவரில் கரித்துண்டால், நாளுக்கொரு வரி:

ரொம்ப
ரொம்ப
ரொம்ப
மழை, பரவால்ல
ரொம்ப

"பொட்டி செத்துப்போச்சு.
நாளு விட்டுப்போகக் கூடாதுல்ல?"

இருபத்திரண்டு நாள். படம் பிடித்து வந்து
திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டம்.
'ரொம்ப' என்று அடிக்கிறேன்.
சிவக்கிறது.
அடுத்த கட்டத்திலும்
அடிக்கிறேன்.