பலகைக்கு ஒரு வரி

நகராட்சியிலிருந்து எண்ட்ரித் வந்தான்,
கையில் படிவம், காதுமேல் பென்சில்.
"போக்ரதெட்ஸ் எல்லையில் பலகை வைக்கிறோம்.
ஊருக்கு ஏன் வரவேண்டும் என்று ஒரே வரி,
பன்னிரண்டு சொல்லுக்குள்.
அறை வாடகைக்கு விடுகிற எல்லோரும்
எழுதித் தரணும், பொலிக்சேனி அக்கா.
வெள்ளிக்கிழமை வருவேன்."

பன்னிரண்டு சொல்.
என் குளியலறைக் குழாயின் குணத்தைச் சொல்லவே
எனக்கு இருபது செலவாகிறது.

ஏரி தெளிவு என்று எழுதினேன்.
அடித்தேன்.
பலகையைத் தாண்டி நாலடி வைத்தால்
அதுவே தெரிந்துவிடும்.

மீன் என்று எழுதினேன்.
புள்ளி போட்ட கோரான் மீன்.
பிடிக்கத் தடையுள்ள மாதங்களில்
சோத்திர் கடையில் அதற்குப் பெயர் கிடையாது.
"அது இருக்கா?" என்பார்கள்.
"எது?" என்பான் முகம் மாறாமல்,
பக்கத்து மேசையில் போலீஸ்காரர் சூப்பை ஊதிக்கொண்டிருப்பார்.
இதைப் பலகையில் போட முடியாது.

மாலை நடையை எழுதலாம்.
ஆறு மணிக்கு மேல் ஊரே கரையோரம்,
இந்த முனையிலிருந்து அந்த முனை,
அந்த முனையிலிருந்து இந்த முனை.
முதல் சுற்றில் நின்று நலம் விசாரிப்போம்.
இரண்டாவதில் தலையசைப்பு.
மூன்றாவதில் புருவம் மட்டும்.
நாலாவதில் ஏரியைப் பார்ப்பதுபோல் கடந்துவிடுவோம்,
பகையில்லை, கையிருப்பு தீர்ந்துவிட்டது.

போன கோடையில் சைக்கிளில் வந்த போலந்துக்காரர்
ஒரு இரவுக்குத்தான் பணம் கட்டினார்.
மூன்றாம் நாள்
மருந்துக்கடை பெட்ராக்
அவரைப் பார்த்துப் புருவம் உயர்த்தினான்.
ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போனார்.
ஏன் என்று கேட்டதற்கு
தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.
அதற்கு நான் எத்தனை சொல் போடுவது?

குளிர்காலத்தை யாரும் கேட்பதில்லை.
அன்ன உருவப் படகுகளைச்
சங்கிலியில் கட்டிப் போட்டிருப்பார்கள்.
நிஜ அன்னங்கள் இரண்டு அவற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கும்.
காற்று வடக்கிலிருந்து வந்தால்
கொடியில் காயும் பெட்ஷீட் பலகையாகிவிடும்,
சுவரில் சாய்த்து வைக்கலாம்.
பெட்ராக் மட்டும் டிசம்பரிலும் குளிப்பான்.
வெளியே வந்து
கெட்ட வார்த்தை ஒன்று சொல்வான், சந்தோஷமாக.

படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு
பால்கனிக்குப் போனேன்.

கரையில் அந்த சிமெண்டுக் குமிழ்,
துப்பாக்கிக்காக ஓட்டை வைத்த பங்கர்.
இப்போது அதன் மண்டையில் நீலச் சாயம்,
மேலிருந்து பையன்கள் குதிக்கிறார்கள்,
ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு.
எனக்குப் பதினான்கு வயது வரை
தண்ணீரில் எவ்வளவு தூரம் என்பதற்கு
ஒரு கயிறு இருந்தது.
அதற்கப்பால் வேறு நாடு.
என் சித்தப்பா வாங்ஜெல்
நல்ல நீச்சல்காரராக இருந்தார்.
அவரைப் பற்றி வீட்டில் சொன்னது அவ்வளவுதான்.
அந்த "இருந்தார்" எனக்குப் புரிய
வருஷங்கள் பிடித்தன.

விருந்தாளிகள் எதிர்க்கரை விளக்குகளைக் காட்டிக் கேட்பார்கள்,
அது எந்த இடம்?
பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டால்
மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வரலாம் என்பேன்.
தயிர் இங்கேதான் நன்றாக இருக்கும் என்றும் சொல்வேன்,
வியாபாரம் வியாபாரம்தானே.

வெள்ளிக்கிழமை எண்ட்ரித் வந்தான்.
என் வரியைச் சத்தமாக வாசித்தான்:
"இங்கே நீந்தலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும்."
விரல்விட்டு எண்ணினான்.
"அஞ்சுதான் இருக்கு அக்கா. இன்னும் ஏழு பாக்கி."
"இருக்கட்டும்."
"உயிர்காப்பாளர் ஒத்துக்க மாட்டாரே."
"அவருக்கும் ஒரு படிவம் கொடு."

சிரித்துக்கொண்டே இறங்கினான்.
இன்னும் பதினாறு வீடு இருப்பதாகச் சொன்னவன்
ஷூவைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு
முழங்கால் வரை தண்ணீரில் நிற்கிறான்,
நகராட்சிப் படிவங்களை
தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி.