இதர செலவுகள்

படிவம் ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.
நாளொன்றுக்கு இருபது படிவம்,
ஒன்று குறைந்தாலும் அன்றைய பேட்டா கிடையாது.
கானாடுகாத்தானில் பெரிய வீட்டுக்கு எதிர்ச்சுவர் நிழல்
பதினொரு மணிக்கு என் காலடிக்குள் வந்துவிடும்.

தங்கல், உணவு, பயணம், பொருள்கள், இதர.
ஐந்து கட்டம்.

பொங்கலுக்கு மூன்றாம் நாள்.
ஒரு முனையில் நுழைந்த வேன்கள்
மறுமுனையில் நுழைந்த வேன்களை
முகத்தோடு முகம் பார்த்து நின்றன.
நடுவில் ஒரு பால் வண்டி,
யாரையும் பார்க்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“எவ்வளவு செலவாச்சுங்க?”
கணவரைக் கேட்டால் மனைவியைப் பார்க்கிறார்.
மனைவியைக் கேட்டால் பை முதுகுக்குப் பின்னால் போகிறது.
கண்டாங்கி ஆயிரத்து எண்ணூறு என்றவர்
நான் நாலடி நகர்ந்ததும் ஓடி வந்து
“மூவாயிரத்து இருநூறுன்னு போட்டுக்கங்க,
கவர்மெண்ட் கணக்குல்ல” என்றார்.
எழுதிக்கொண்டேன்.
அன்றைக்குக் கிடைத்த ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

ஒரு பேருந்தில் நாற்பத்திரண்டு பேர்.
நுழைவுச் சீட்டு, தண்ணீர் பாட்டில்,
தேக்குக் கதவின் முன்னால் ஆளுக்கு எட்டுப் படம்.
படத்துக்குக் காசில்லை.
புளியோதரை ஊரிலிருந்தே வந்திருந்தது,
தட்டுகள் மட்டும் இங்கே தங்கின.
கூட்டிக் கழித்து நாற்பத்திரண்டால் வகுத்தேன்.
தெருவில் நடக்க இடமில்லாத நாளில்தான்
தலைக்கு இவ்வளவு குறைவாக வருகிறது.
பால்பாயின்ட் தீர்ந்துவிட்டதோ என்று
இரண்டு தடவை உதறிப் பார்த்தேன்.

சேவுகன் டோக்கன் கிழிக்கிறான்.
காருக்கு முப்பது.
ஆறாயிரம் வாடகையில் வந்த கார்
அவனிடம் இருபதுக்குக் கால் மணி நேரம் நிற்கும்.
அதே ஆள் மதியம் காரைக்குடியில்
முனீஸ்வரன் கோயில் தெருவில்
மூடியில்லாத எனாமல் தூக்குக்கு
இரண்டாயிரத்து ஐநூறை எண்ணி வைப்பார்.
“மூடி?”
“பழசுன்னா அப்படித்தான் சார்.”
அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.
சேவுகன் சொல்கிறான்:
“என் டோக்கனையும் கொஞ்சம் துருப்பிடிக்க வைக்கணும்க்கா.”

மாலையில் ஒரு பிரெஞ்சுக்காரி.
நான்கு இரவு தங்கியிருக்கிறாள்.
தங்கல், உணவு சட்டென்று சொல்லிவிட்டாள்.
இதர என்றதும் விரல் மடக்க ஆரம்பித்தாள்:
செருப்பு வார் தைத்தது முப்பது.
தலைவலி மாத்திரை.
சட்டைக்குப் பித்தான், தையல்காரர் காசு வாங்கவில்லை,
அதனால் அவருக்கு இரண்டு டீ.
கணவருக்கு முடி வெட்டியது எண்பது,
காது முடியை எடுத்ததற்கு அவராகவே இன்னொரு இருபது.
பஞ்சர். ஒரு குடை. கொசுவர்த்தி. மறுபடியும் கொசுவர்த்தி.
எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாத ஏழெட்டுக் கடைகள்
அந்தச் சின்னக் கட்டத்துக்குள்
இடித்துக்கொண்டு உட்கார்ந்தன.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது.

சிவகங்கைக்குப் போன் போட்டேன்.
“இதர இருநூறைத் தாண்டக் கூடாது மேடம்,
சாஃப்ட்வேர் எடுக்காது.”
இருநூறு என்று எழுதினேன்.
மிச்சத்தைப் படிவத்தின் முதுகில்
பென்சிலால், கொசுவர்த்தி வரைக்கும்,
யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தே.

ஆறு மணி. பத்தொன்பது படிவம்.
வேன்கள் எல்லாம் பிள்ளையார்பட்டிப் பக்கம் போயாயிற்று.
மிஞ்சியது ஒரு கார்,
மதுரை வண்டி, அமலதாஸ் என்று கண்ணாடியில் பெயர்.
ஓட்டுநர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி எண் நான்கு.
காலையில் கேட்டபோது அவரே சொன்னார்:
“நான் டூரிஸ்ட் இல்லம்மா,
டீ ரெண்டு, கக்கூஸ் பத்து, அவ்வளவுதான்.”

இருபதாவது படிவத்தை எடுத்தேன்.
தங்கல் இல்லை. உணவு இல்லை.
இதர: நாற்பது.
கச்சிதமாக உள்ளே அடங்கியது.
பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில்
ஓய்வு என்று டிக் போட்டேன்.
பொய்யில்லை.
கார்க் கதவைத் திறந்து போட்டு
இரண்டு காலையும் தெருவில் நீட்டி
அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.