மழைநாள் மாதிரி

கண்ணாடித் துண்டின் ஓரத்தில் பென்சில் எழுத்து:
நேசபாய், 44, குலசேகரம்.
மழை பெய்ததால்தான் வந்திருக்கிறாள்.
மழையில்லாத விடியல்களில்
நானூறு ரப்பர் மரம் அவளுக்குக் காத்து நிற்கும்.

முதல் பரிசோதனை
'சந்தேகம்' என்று எழுதிக் கைகழுவிவிட்டது.
அதனால்தான் இந்த இரண்டாவது சாயம்:
ஒரு புரதத்துக்குப் பழுப்பு,
இன்னொன்றுக்குச் சிவப்பு.

எங்கள் லேப் வெட்டூர்ணிமடத்தில், மாடியில்.
கீழே பேருந்துகள் ஓய்வதேயில்லை.
கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் நிற்கும்,
இரண்டு ஊதினால் கிளம்பும்.
செல்லுக்கும் ஏறக்குறைய அதுதான் சட்டம்.
பழுப்பு, நில் என்கிறது.
சிவப்பு, இதோ போய்க்கொண்டிருக்கிறேன் என்கிறது.
ஒழுங்கான செல்லில் இரண்டும் சேர்ந்து கேட்பதில்லை.
வைரஸ் உள்ளே புகுந்து
பிரேக் கம்பியை அறுத்துவிட்ட பிறகு
நில், நில், நில் என்று
ஊதி ஊதித் தொண்டை கிழிகிறது பழுப்புக்கு.
வண்டி இறக்கத்தில்.

பத்து மணியிலிருந்து தேடுகிறேன்.
நீலம். நீலம். ஒரு வயல் நிறைய நீலம்.
ஓரிடத்தில் தனியாகப் பழுப்பு: கணக்கில் வராது.
ஓரிடத்தில் தனியாகச் சிவப்பு: அதுவும் வராது.
பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் போன வாரமே செத்துவிட்டது.
கட்டன் சாயா குடித்தேன், ஆறிப்போனதை.
மூன்றரைக்கு,
இடது மூலையில், மடிந்து கிடந்த ஒரு கொத்தின் பக்கத்தில்,
ஒன்று.

பழுப்பு உடம்பு. அதற்குள் சிவப்புக் கரு.
ஒன்று இருந்தால் போதும், விதி அப்படி.
ஆனாலும் மனசு வராமல்
ஜெகதா டாக்டரைக் கூப்பிட்டேன்.
அவர் குனிந்தார்,
லென்ஸைத் துடைத்தார், மறுபடி குனிந்தார்.
"உண்டு" என்றார்.

அடுத்த மழைக்கு ரிசல்ட் வாங்க வந்தாள்.
நகக்கண்ணில் காய்ந்த பால், செருப்பில் செம்மண்.
இது புற்று என்று அர்த்தமில்லை,
ஆகப்போகிற வழியில் ஒரு மாற்றம்,
மேல்தோலோடு நிற்கிறது அநேகமாக,
கருவி வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்
என்றெல்லாம் டாக்டர் படம் வரைந்துகொண்டிருந்தார்.
அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் பட்டையிலதான் இருக்கு.
தடியில கொள்ளல்ல."

டாக்டரின் பேனா நின்றது.
பத்தொன்பது வருஷமாய்
பட்டைக்கும் தடிக்கும் நடுவில்
ஒரு நூல் கனத்தில் கத்தி ஓட்டுகிற கை
அந்தக் காகிதத்தை நாலாக மடித்து
பர்சில் வைத்தது, பஸ் டிக்கெட்டோடு.

செவ்வாய்க்கிழமை என்று தேதி போட்டோம்.
வாசல்வரை போனவள் திரும்பினாள்.
"அன்னைக்கு மழ பெய்யுமா?"
வெட்டு முடங்கினால் சம்பளம் இல்லை,
மழை முடக்கினால் யாரையும் குறை சொல்லவேண்டாம்.

ஜன்னல் வழியே வேளிமலைப் பக்கம் பார்த்தேன்.
வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.
பெய்யும், என்றேன்.