கூண்டு இரவல்

வியாழக்கிழமை ஆலையில் எலிமருந்து வைக்கிறார்கள்.
திங்கள் மாலை கணக்கு மேசைக்கே வந்து
கேட்டார் சேவுகன்:
'ஒங்க பூனைய என்ன செய்யப் போறீய?'

என் பூனை இல்லை.
தவிட்டு மூட்டைகளின் மேல் இரண்டு வருடமாகத் தூங்கும்
ஒரு சாம்பல் உருவம்.
என்னைக் கண்டால்
மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே வழிந்து போய்விடும்.
இடது காது பாதிதான்.

முதலில் பஞ்சாரம்.
குச்சியால் முட்டுக்கொடுத்து, குச்சியில் சணல் கட்டி,
சணலின் மறுநுனியோடு
உமிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்
நாற்பத்தொரு வயதில்.
மாட்டியது எதிர்வீட்டுச் சேவல்.
திருடப் பார்த்தேன் என்று
இன்னமும் அங்கே பேச்சு.

செவ்வாய்க்கிழமை
காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தது கூண்டு.
கீரி பிடிக்க யாரோ செய்தது,
சேவுகனின் மச்சினன் இரவல் தந்தது.
கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் போட்டாராம்.
கதவு விழும் சத்தம் அதிகமென்று
அடியில் டயர்த் துண்டு ஒட்டினோம்.
'பாலுக்கெல்லாம் வராது, கருவாடு வேணும்.'

கருவாட்டுக் கடையில் நான் நின்றதே இல்லை.
நூறு கிராம் நெத்திலி என்று சொல்ல வாய் வராமல்
'பூனைக்கு' என்றேன் முதலில்.
நிறுத்துக்கொண்டே சொன்னாள் கடைக்காரம்மா:
'எல்லாரும் பூனைக்குன்னுதாம்மா வாங்குறாக.'

புதன் இரவு பத்தேகால்.
பாய்லர் அணைந்து, சூடு ஆறும் தகரம்
டிக் டிக்கென்றது.
வாசலில் ஒரு கால் வைத்தது, எடுத்தது.
என்னைப் பார்த்தது.
நான் வேறு பக்கம் பார்த்தேன்,
கடன் கேட்கப் போகிறவள் மாதிரி.

கதவு விழுந்த பிறகு அது போட்ட சத்தத்தை
எழுதப் போவதில்லை.
கோணிச் சாக்கை மேலே போர்த்தினார் சேவுகன்.
அடங்கிவிட்டது.
வெள்ளிக்கிழமை காலை
பதினோரு எலி, ஒரு காக்கை
கூட்டி அள்ளினார்கள்.

பெரிய வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை எனக்கு வாடகை.
முன்கட்டில் பதினாலு பூட்டு.
ஓனர் மலேசியாவில்.
ஒப்பந்தத்தில் ஆடு மாடு கூடாதென்று இருக்கிறது.
பூனை பற்றி ஒன்றுமில்லை.
இரண்டு முறை படித்துவிட்டுத்தான்
சாக்கை விலக்கினேன்.

பீரோவுக்கு அடியில் பதினேழு நாள்.
பகலில் சாப்பாடு இல்லை.
ராத்திரியில் மணல்தட்டைக் கீறும் சத்தம் மட்டும்.
ஐந்தாம் நாள் அவசரப்பட்டுக் கையை நீட்டினேன்.
கட்டைவிரலில் நாலு ஓட்டை.
ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் ஒரு படிவம்:
கடித்தது வளர்ப்பா, தெருவா?
நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.
இன்னும் முடிவாகவில்லை என்றேன்.
தெரு என்று எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம் கை நீட்டவில்லை.
ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில்
பீரோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
ஆலைக் கணக்கைச் சத்தமாக வாசித்தேன்,
குரலாவது பழகட்டும் என்று.
பொன்னி நூற்றெட்டு மூட்டை, ஈரம் பதினாறு.
லாரி வாடகை பாக்கி.
சாக்கு வகையில் செலவு.
இந்த அறையில் என் குரலை
நானே இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

கூண்டை இன்னும் திருப்பித் தரவில்லை.
மூன்று தடவை கழுவியும் நெத்திலி வாடை.
சேவுகன் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.

இன்று விடியற்காலை
குருணை வரவில் நிற்கும்போது
பாதத்தில் ஏதோ சாய்ந்தது.
முதலில் கனமே இல்லை.
பிறகு கொஞ்சம்.
திரும்பிப் பார்க்கவில்லை.
குருணை, ஏழு மூட்டை.
குருணை, ஏழு மூட்டை.
அடுத்த வரிக்குப் போகப் பயமாயிருந்தது.
கால் மரத்துப்போயிற்று.
வாசலில் பால்காரர் மணியடித்தார்,
இன்னொரு முறை அடித்தார்,
போய்விட்டார்.