காரணம்: குளிக்க

பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார் மேனேஜர்.
பெயர். ஊர். வந்த நேரம்.
அதற்கடுத்த கட்டம், வந்த காரணம்.
மேலே எழுதியிருந்தவர்கள்
ஜிப்மர், ஜிப்மர், டூர், கோர்ட், ஜிப்மர், மேற்படி.
நான் குளிக்க என்று எழுதினேன்.

கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
“குளிக்க மட்டுமா?”
“ரெண்டு மணி நேரம்.”
“தனியாவா?”
“பெட்டியோட.”

பெட்டியின் காதில் இன்னும் அந்த வெள்ளைப் பட்டை.
பாரிஸ், தோஹா, சென்னை.
அதைப் பார்த்ததும் முந்நூறு ரூபாய் ஐந்நூறானது.
பேரம் பேச நாக்கு எழவில்லை.
ராத்திரி முழுக்க முன்பின் தெரியாத ஒருவர்
என் தோளில் தூங்கினார்.
தாம்பரத்தில் ஏறிய பஸ்ஸில்
நான் யார் தோளில் தூங்கினேனோ.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி.
லிஃப்ட் இருக்கிறது,
அதற்குள் மெத்தைகளை அடுக்கியிருக்கிறார்கள்.

பதினோரு வருடமாக என் வேலையும்
இந்த மாதிரி ஓர் இடத்தில்தான்.
கொஞ்சம் பெரியது, அவ்வளவே.
விடிய விடியப் பறந்து வந்தவர்கள்
சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டுக் குளித்து,
காபி குடித்து,
வேறு ஆளாக வெளியே போகும் ஓய்வுக்கூடம்.
பதினாறு குளியலறை.
ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள்
எனக்கு ஒன்பது நிமிடம்.
முகங்களைப் பார்த்ததில்லை.
ஈரக் காலடிகளைத் தெரியும்,
வடிகட்டியில் சுருண்ட முடியின் நிறங்களைத் தெரியும்.
ஆவி படிந்த கண்ணாடியில் ஒரு நாள்
யாரோ விரலால் ஒரு பெயர் எழுதிவிட்டுப் போயிருந்தார்.
அதை மட்டும் கடைசியாகத் துடைத்தேன்.

முத்தியால்பேட்டையில் இதற்குப் பெயர்
‘அமலோற்பவம் ஏர்போர்ட்ல ஆபீசர்’.
நான் சொன்னதில்லை.
இல்லை என்றும் சொன்னதில்லை.

இன்று பத்தரைக்கு அக்கா மகளுக்கு நிச்சயம்.
“வீட்டுல கால் வைக்க இடமில்ல,
நேரா மண்டபத்துக்கு வந்துடு,” என்றாள் அக்கா.
“வரும்போதே பளிச்சுன்னு வா,
அவங்க வாசல்லயே நிப்பாங்க.”

ஹீட்டரில் சிவப்பு விளக்கு.
வாளி, கைப்பிடி போன மக்கு.
உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்க மறுத்தது.
முதல் மக்கில் விமானத்துக் குளிர் போனது.
இரண்டாவதில் பஸ்.
கீழே ஒருவன் கடலூர் கடலூர் கடலூர் என்று
தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்,
நான் போகாத ஊருக்கு என்னை.
கை தானாக நின்றது.
ஒன்பது நிமிடம் ஆகியிருக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்,
முக்காலியில், முதுகில் நீர் வழிய.
கதவுக்கு வெளியே யாரும் இல்லை
தள்ளுவண்டியோடு.
பத்தாவது நிமிடத்துக்கும் ஒரு மக்கு எடுத்து ஊற்றினேன்.

தேய்க்கக் கொடுத்த பட்டு
சூடாறாமல் திரும்பி வந்தது.
பையன் இருபது ரூபாய் கமிஷன் அடித்திருப்பான், அடிக்கட்டும்.

கட்டி முடித்துப் பூ இல்லாத கொண்டை போட்டுக்
கீழே இறங்கினால்,
அறையைப் பார்த்துவிட்டு வந்த அதே பையன்
படியிலிருந்தே கத்துகிறான்:
“யக்கா, நீங்க குளிக்கவே இல்லியா?
தரை காஞ்சு கெடக்குது.
துண்டு முக்கோணமா மடிச்சபடியே இருக்குது!”

மேனேஜர் பேரேட்டைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
ஈரக் கொண்டையிலிருந்து ஒரு சொட்டு
‘சென்ற நேரம்’ மேல் விழுந்து
எட்டு நாற்பதைக் கலைத்தது.

வாசற்படியில் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்தபடி ஓர் அம்மாள்,
கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பேச்சு,
பக்கத்தில் சாய்ந்து தூங்கும் கணவர்.
“அந்த ரூமுதான் எங்களுக்காம்.
சுத்தமா இருக்குமா, தாயி?”
“இருக்கும்மா.
ஆபீசர் துடைச்சது.”

அவளுக்குப் புரியவில்லை. தலையாட்டினாள்.

எதிரே ஆட்டோக்கள்.
அவர்கள் கண்ணில் படுவதற்கு முன்
பெட்டியைத் தூணுக்குப் பின்னால் இழுத்து,
கையால் இழுத்தால் வராத அந்த வெள்ளைப் பட்டையைப்
பல்லால் கடித்தேன்.