ழகரம்

என்ர மனுசனுக்குப் பேர் எழில்வண்ணன்.
ஒலுமடுவில நீர்ப்பம்பி திருத்திறவர்.
தமிழில எழுதினா ஓராள்.
இங்கிலீசில
ழகரத்துக்கு என்ன போடுறதெண்டு
கந்தோருக்குக் கந்தோர் வேற வேற கை.
மூண்டு பேராகிப் போனார்.

அதுக்கும் முதல் இயக்கம்.
ஒரு பிரிவு பாஸ் குடுத்தது,
ஓமந்தை தாண்டிப் போய் பெயரிங் வாங்கிவர.
மற்றப் பிரிவு பங்கருக்குள்ள வைச்சுக் கேட்டது,
ஏன் போனனி?
பாஸைக் காட்டினார்.
"அது அவையின்ர. நாங்கள் வேற."
பதினொரு நாள்.

பிறகு எல்லாம் முடிஞ்சுதெண்டிச்சினம்.
முள்ளுக்கம்பி முகாமில முதல் மேசை
விசாரிச்சு, துண்டு குடுத்து, போ எண்டது.
துண்டை லாமினேட் பண்ணி வைச்சம்.
ரெண்டாம் மேசைக்காரர் வவுனியா ஸ்டேசனடியில மறிச்சு
"மற்ற எழில்வண்ணன் எங்க? உன்ர தமையனா?"
மற்றவரில்லை, அதுவும் நான்தான் எண்டார்.
ஒப்புக்கொண்டதா எழுதினவை.

மூண்டாவது கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.
பம்பி ஒண்டு ஓடுதில்லை, வாங்கோ எண்டது.
ஸ்பானர் பெட்டியும் கூடப் போச்சுது.

ரெண்டு கந்தோருக்கும் நடுவில ஒரு மதில்தான்.
ஒரே மாமரம் ரெண்டு பக்கமும் காய்க்குது.
இஞ்ச கேட்டா அங்க போ,
அங்க கேட்டா
இண்டைக்கு ஐயா இல்லை.
மேசையில போன் கிடந்தது.
ஒருத்தரும் தொடேல்லை.
அவையளுக்கிடையில போய்வந்த ஒரே கடிதம்
நான்தான்.

கொப்பியில எழுதினன்:
திகதி, வாகனத்தின்ர நிறம்,
விளங்காத சிங்களச் சொல்லுகள் காதில விழுந்தபடி,
ஆர் சிரிச்சது, ஆர் கதிரை தந்தது.
எண்பது பக்கம் முடிஞ்சு
இப்ப மற்றக் கொப்பி.
அவையளிட்ட இப்பிடி ஒண்டு இருந்திருந்தா
முதல் கிழமையே அவர் வீட்டை வந்திருப்பார்.

போன மாசியில, ஆறு வருசத்துக்குப் பிறகு,
படலையடியில ரெண்டு மோட்டச்சைக்கிள்.
"சின்ன விசாரணை. ஆளைக் கூப்பிடுங்கோ."
உங்கட ஆக்கள்தானே கொண்டுபோனவை எண்டன்.
ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம்.
"அது வேற ஆக்களா இருக்கும்."
மூத்தவன் கொஞ்சம் யோசிச்சு,
தலைமறைவெண்டு போடடா எண்டான்.

இளையவன் பேனையைத் திறந்தான்.
"அக்கா, பேரை ஒருக்காச் சொல்லுங்கோ."
சொன்னன்,
ஆறுதலா, நாக்கை நல்லா மடிச்சு.
எழுதினதை எட்டிப் பாத்தன்.

முந்தின மூண்டில ஒண்டுமில்லை அது.